யாழ்ப்பாணத்தில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு நேர்மையாகத் தொழில் நடத்த முடியுமா?

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து இங்கே உணவுப்பொருள் தொழில் ஒன்று தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தலைமைத்துவம், நேர்மை, எல்லோரையும் உள்வாங்குவது என்றெல்லாம் சொல்கிறார்களே, யாழ்ப்பாணத்தில் நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்பது உங்கள் கேள்வி. நான் 2013 முதல் கோண்டாவில் பக்கத்தில் மிளகாய்த்தூள் வறுத்து அரைத்து விற்கிறேன். இப்போது 17 பேர் வேலை செய்கிறோம். முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் நான் அதைக் கற்றுக்கொண்டது ஒரு கிணற்றடியில்.

தொடங்கிய வருடம் ஓர் அக்கா வேலைக்கு வந்தார். செத்தல் மிளகாய் கருகாமல், மல்லி நிறம் மாறும் நேரம் பார்த்து இறக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் தினமும் வீட்டிலிருந்து ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவருவார். எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், அயல் வீட்டாரே வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். சிலருக்கு வீட்டுத் தண்ணீர்தான் ஒத்துவரும் என்று நினைத்து மூன்று மாதம் நான் எதுவும் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் போத்தல் முடிந்துவிட்டது. தாச்சிச் சூட்டில் நின்றவர் கிணற்றடிக்குப் போனார். வாளியைத் தொடவில்லை. கட்டுக்கு வெளியே குனிந்து நின்று, இரண்டு கையையும் ஏந்தி, அங்கே நின்ற பொடியனிடம், "தம்பி, கொஞ்சம் வார்த்துவிடு" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தொடாதே என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தொடலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத ஊர் இது. கிணறுதான் உயிர், அதனால் சாதியும் கிணற்றடியில்தான் காவல் நின்றது. சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராட வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் என் வளவுக்குள்ளும் இருந்திருக்கிறது, நான் வாய் திறக்காததால். முதலாளி பேசாமல் இருந்தால் ஊர் வழக்கம்தான் அங்கே சட்டம். தலைமைத்துவம் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் அத்தனை பேர் கண்ணும் அந்த அக்கா மேல்தான் விழுந்திருக்கும். தண்ணீர் குடிக்க ஒரே மாதிரியான பேணிகள் வாங்கி ஒரே தட்டில் கவிழ்த்து வைத்தேன். தேத்தண்ணிக்குத் தண்ணீர் அள்ளுவது முறை வைத்து எல்லோருக்கும் என்றேன். முதல் நாள் நான் அள்ளினேன். இரண்டாம் நாள், "அக்கா, இண்டைக்கு உங்கட முறை" என்று வாளியை அவர் கையில் கொடுத்தேன். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு அள்ளினார். அந்த மாதமே இரண்டு பேர் வேலையை விட்டு நின்றார்கள். சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து அனுப்பினேன். "ஆர் வறுக்கிறது?" என்று கேட்ட வாடிக்கையாளர்களும் உண்டு. கேள்வியின் பொருள் இரு பக்கத்துக்கும் தெரியும். வந்து பாருங்கோ என்று மட்டும் சொன்னேன். சிலர் வரவில்லை, வாங்கவுமில்லை. அந்த வியாபாரம் போனதில் எனக்கு வருத்தமில்லை.

நேர்மை என்று கேட்டீர்கள். 2022இல் ரூபாய் விழுந்தபோது, இந்தியாவிலிருந்து வரும் செத்தல் மிளகாயைத் தொட முடியாத விலை. அரிசி மாவும் நிறமும் சேர்த்தால் யாருக்கும் தெரியாது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களே வந்து சொன்னார்கள். உண்மைதான், நாக்குக்கு உடனே தெரியாது. ஆனால் அரைக்கிற பெண்களுக்குத் தெரியும். நாளைக்கு அவர்களிடம் நான் எந்த வாயால் சுத்தம் பற்றிப் பேசுவது? கணக்குக் கொப்பியை எல்லோர் முன்னாலும் விரித்து வைத்தேன். விலையைக் கூட்டினோம், 100 கிராம் பைக்கற் போட்டோம். ஆட்களைக் குறைக்க வேண்டாம், எல்லோரும் வாரத்தில் நான்கு நாள் வேலை செய்கிறோம் என்று முடிவெடுத்தது அவர்கள். ஐந்து மாதம் அப்படித்தான் ஓடியது.

அப்புறம் ஊழியர் சேமலாப நிதி, வேலையாளின் ஓய்வுகாலத்துக்கான கட்டாயச் சேமிப்பு. சம்பளத்தில் முதலாளி 12 வீதம், வேலையாள் 8 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். "கையிலேயே கூட்டித் தாறன், பதிய வேண்டாம்" என்று பேசி முடிக்கிற இடங்கள் நிறைய. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் பதிய வேண்டும். போரில் கணவரை இழந்த ஒரு பெண் முதல் தடவை தன் பெயரில் அந்த நிதியின் மீதி விபரம் வந்தபோது, அந்தக் கடதாசியை மடிக்காமல் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோனார்.

இன்னொன்று. பைக்கற் ஒட்டும் தம்பிக்கு ஒரு கால் ஜெய்ப்பூர் கால், அதாவது செயற்கைக் கால். நின்றபடி வேலை செய்யும் உயரத்தில் மேசை இருந்தது. தச்சரைக் கூப்பிட்டு மேசைக் காலை அறுத்துக் குறைத்தோம். அரை நாள் வேலை, செலவும் பெரிதில்லை. இப்போது அந்த மேசையில் எல்லோருமே கதிரையில் இருந்துதான் ஒட்டுகிறார்கள்.

வளவு எடுத்துக் கட்டடமும் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்களை எடுக்கும் முன்பே குடிதண்ணீர், பேணி, சாப்பிடும் இடம் மூன்றையும் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிடுங்கள். பிறகு மாற்றுவது கடினம், நான் பட்டிருக்கிறேன்.

அந்த அக்கா இன்னும் எங்களோடுதான். வறுவல் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. யாராவது புதிதாக வேலைக்கு வந்தால், முதல் நாள் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், "இதுதான் வாளி, பேணி அங்க கவிட்டுக் கிடக்கு" என்று காட்டுவதும் அவர்தான்.