எலிக்கு அரிக்கிறதா, வலிக்கிறதா?

கேள்வி: அரிப்பு என்பது லேசான வலிதான் என்று எப்போதோ படித்த ஞாபகம். பிறகு அதற்கென்று தனி ஆராய்ச்சி எதற்கு?

பதில்: நீங்கள் படித்தது பழைய பாடம். வலி நரம்பு மெதுவாகத் துடித்தால் அரிப்பு, வேகமாகத் துடித்தால் வலி என்பது 1922-ல் உடலியல் அறிஞர் மாக்ஸ் ஃபான் ஃப்ரே முன்வைத்த கருத்து. அது வெகுகாலம் செல்லுபடியானது. 1997-ல் மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழு, மனிதக் கால் நரம்பில் நுண்ணிய மின்முனையைச் செருகி, ஒவ்வாமையில் உடல் சுரக்கும் அரிப்புப் பொருளான ஹிஸ்டமினுக்கு நீடித்துத் துடிக்கும் சி-இழைகளை, அதாவது மிக மெல்லிய நரம்பிழைகளை, பதிவு செய்தது. அந்தத் துடிப்பின் போக்கும், ஆள் சொன்ன அரிப்பின் போக்கும் ஒத்துப்போயின. அடுத்து 2009-ல் ஜோ-ஃபெங் சென் குழு, சுண்டெலியின் தண்டுவடத்தில் ஜிஆர்பிஆர் என்னும் ஏற்பியை (வேதிச் செய்தியைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை) தாங்கிய செல்களை மட்டும் அழித்தது. சொறிவது வெகுவாகக் குறைந்தது. சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் எலி வழக்கம்போலவே துள்ளியது. இரண்டும் ஒன்றென்றால் இப்படி நடக்க வழியில்லை.

கேள்வி: எலி வாய் திறந்து சொல்லாதே. அரிக்கிறதா வலிக்கிறதா என்று எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

பதில்: கன்னத்தில்தான் விடை இருக்கிறது. முன்பெல்லாம் மருந்தைப் பிடரியில் ஏற்றுவார்கள். அங்கே அரித்தாலும் எரிந்தாலும் எலிக்கு எட்டுவது பின்கால்தான். ஆக, சொறிவதை மட்டும் எண்ணி எதையும் பிரிக்க முடியாது. 2008-ல் ஷிமடாவும் லமாட்டும் ஊசியைக் கன்னத்துக்கு மாற்றினார்கள். ஹிஸ்டமின் போட்டால் எலி பின்காலால் சொறிகிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைப் போட்டால் முன்காலால் துடைக்கிறது.

செய்முறை எளிது, சொதப்புவதும் எளிது. கன்னத்து முடியைச் சில நாள் முன்பே மழித்துவிட வேண்டும். அன்றே மழித்தால் அந்த எரிச்சலும் கணக்கில் ஏறிவிடும். எலியைப் பதிவுப் பெட்டியில் விட்டுப் பழக்க வேண்டும். ஏற்றுவது வெறும் 10 மைக்ரோலிட்டர், அதுவும் தோலுக்குள். சரியாக இறங்கினால் சின்னக் கொப்புளம் எழும்பும். எழும்பவில்லையா? ஊசி ஆழமாகிவிட்டது, மருந்து பரவிவிடும். ஒப்பீட்டுக்கு வெறும் உப்புநீர் போதாது. கேப்சைசினைக் கரைத்த ஆல்கஹால் கலவையை மட்டும் இன்னொரு குழு எலிகளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், கரைப்பானே எரிக்கும் என்பதால். பிறகு ஆள் அறையைவிட்டு வெளியேற, கேமரா 30 நிமிடம் ஓடும்.

எண்ணும்போது வரும் தவறுதான் அதிகம். இரண்டு முன்கால்களையும் சேர்த்து முகம் தேய்த்தால் அது சுத்தம் செய்துகொள்வது, கணக்கில் வராது. ஊசி போட்ட பக்கத்து ஒற்றை முன்கால் கன்னத்தை வழித்தால்தான் வலி. பின்கால் எழும்புவதிலிருந்து தரையிலோ வாயிலோ போய்ச் சேரும்வரை ஒரே சொறிதல், நடுவில் எத்தனை உதறல் உதறினாலும்.

இந்த முறையின் அருமை 2013-ல் தெரிந்தது. ஷின்ஜோங் டோங் குழு, கேப்சைசினை உணரும் ஏற்பியை அரிப்புக்கு உரியவை என்று சந்தேகித்த ஒரே ஒரு வகை நரம்பணுக்களில் மட்டும் விட்டுவைத்தது. அந்த எலிகளுக்குக் கன்னத்தில் கேப்சைசின் போட்டால், துடைக்கவில்லை, சொறிந்தன. காரம்கூட அரிப்பாகிவிட்டது!

கேள்வி: ஒவ்வாமை மாத்திரை சில அரிப்புகளுக்குக் கேட்பதே இல்லையே?

பதில்: அந்த மாத்திரை மறிப்பது ஹிஸ்டமினை மட்டும். மலேரியா மருந்தான குளோரோகுயின் தரும் அரிப்பும், பூனைக்காலிச் சுணையின் அரிப்பும் வேறு ஏற்பிகள் வழியே வருபவை. சிறுநீரக நோயாளிகளின் அரிப்பும் பெரும்பாலும் மாத்திரைக்கு அடங்காது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கென 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டைஃபெலிகேஃபலின், கப்பா ஓபியாய்டு ஏற்பியைத் தூண்டும் மருந்து. வலிநீக்கியான மார்ஃபின் தூண்டுவது அதே ஓபியாய்டு குடும்பத்தின் மியூ ஏற்பியை. அது வலியைக் குறைத்து அரிப்பைக் கிளப்பும்.

கேள்வி: மகள் இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உயிரியல், மருந்தியல், மருத்துவம், ஏன், இயற்பியல் படித்தும் வரலாம். பிஎச்.டி.க்கு ஐந்தாறு ஆண்டு, அதன்பின் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) என்று சில ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு கைத்தொழில் தெரிய வேண்டும்: மேலே சொன்ன நடத்தைச் சோதனை ஒன்று, கால்சியம் படமெடுப்பு இன்னொன்று. தண்டுவடத்தை ஒட்டிய முதுகுவேர் முடிச்சின் உணர்வு நரம்பணுக்களை வளர்த்து, கால்சியம் ஏறுவதை ஒளியால் காட்டும் ஃபியூரா-2 சாயம் ஏற்றி, 340, 380 நானோமீட்டர் ஒளியில் மாறி மாறிப் பார்ப்பது அது. கடைசியில், உயிருள்ள நரம்பணு எதையும் தூண்டிவிடும் பொட்டாசியம் குளோரைடு ஊற்ற மறக்கக் கூடாது. அதற்கும் ஒளிராத செல், செத்ததாகவோ நரம்பணுவே அல்லாததாகவோ இருக்கும். அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிட வேண்டும்.

ஆய்வகம் தேடும்போது ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: வீடியோ பார்த்து எண்ணுபவருக்கு, எந்த எலிக்கு என்ன ஊசி என்று தெரியுமா? தெரியும் என்றால் வேறு இடம் பார்க்கலாம்.