யுரேனியம் புதைபடிவ எரிபொருளா? நிலக்கரி கனிமமா?

யுரேனியம் புதைபடிவ எரிபொருள் இல்லை, ஆனால் புதுப்பிக்க இயலாதது. எரிபொருள்களையும் கனிமங்களையும் வகை பிரித்து நீங்கள் போட்ட அட்டவணையில் 'புதைபடிவ எரிபொருள்', 'புதுப்பிக்க இயலாதது' என்ற இரண்டு வகைகளையும் ஒரே கட்டத்தில் போட்டதால்தான் விடை இடிக்கிறது.

'புதுப்பிக்க இயலாதது' என்பது மீண்டும் உருவாகும் வேகத்தைப் பற்றியது. 'புதைபடிவம்' என்பது பிறப்பைப் பற்றியது. உலகின் நிலக்கரியில் பெரும்பங்கு சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலங்களில் புதைந்த தாவரங்களிலிருந்து வந்தது. யுரேனியத்துக்கு எந்த உயிரினமும் மூலம் இல்லை. பூமி தோன்றும் முன்பே அது விண்வெளியில் உண்டாகிவிட்டது. அதை யாரும் எரிப்பதும் இல்லை, அணுவைப் பிளந்துதான் வெப்பம் எடுக்கிறார்கள். இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான்.

அப்புறம் நிலக்கரி. நிலவியல் கணக்கில் அது கனிமம் இல்லை, பாறை. கனிமம் என்றால் நிலையான வேதி அமைப்பும் படிக அமைப்பும் வேண்டும். பென்சிலில் இருக்கும் கார்பன் வடிவமான கிராஃபைட்டுக்கு உண்டு, நிலக்கரிக்குக் கிடையாது.

ஒவ்வொரு பெயரையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. உயிரினத்திலிருந்து வந்ததா?
2. மனித வாழ்நாளுக்குள் மீண்டும் கிடைக்குமா?
3. வேதி வாய்பாடு எழுத முடியுமா? இரும்புத் தாதுவான ஹேமடைட்டுக்கு முடியும், பெட்ரோலியம் பல சேர்மங்களின் கலவை, அதற்கு முடியாது.

ஒரு எச்சரிக்கை: சுரங்கச் சட்டங்களும் பல பொருளாதாரப் பாடநூல்களும் நிலக்கரி, பெட்ரோலியம் இரண்டையும் 'எரிபொருள் கனிமம்' என்றே எழுதும். கேள்வி எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மின்சாரத்தையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள், அது ஆற்றல் மூலமே இல்லை.