படத்தைச் சுருக்குவதற்குக் காசு எதற்கு?

கே: இணையத்தில் பட்டுப் புடவை விற்கிறேன். 24 மெகாபிக்சல் படத்தை 1000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால், பொடிக் கட்டங்கள் அலையலையாக நெளிகின்றன. தரம் குறையாமல் சுருக்கும் மென்பொருள் என்று ஒன்றை விற்கிறார்கள். வாங்கலாமா? – வாசகி, ஆரணி

ப: வேண்டாம். உங்கள் படத்தின் 6000 பிக்சல் அகலம் 1000 ஆகும்போது, அகலமும் உயரமும் ஆறில் ஒரு பங்காகி, 36 புள்ளிகள் (பிக்சல்கள்) இருந்த இடத்தில் ஒரு புள்ளிதான் நிற்கும். 'நியரஸ்ட் நெய்பர்' என்ற சுருக்கும் முறை அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற 35ஐயும் விட்டுவிடுவதால் கட்டம் நெளிகிறது. போட்டோஷாப்பில் 'பைகியூபிக் ஷார்ப்பர்', இலவசமான ஜிம்ப்பில் 'நோஹேலோ' ஆகியவை சுற்றியுள்ள புள்ளிகளையும் கணக்கில் கொண்டு புதிய புள்ளியை உருவாக்குகின்றன. சுருக்கிய பிறகு 'அன்ஷார்ப் மாஸ்க்' என்ற கூர்மையூட்டும் வசதியைச் சிறிதளவு கொடுத்தால் ஜரிகையின் விளிம்பு தெளியும். கூடிவிட்டால் இழையை ஒட்டி வெள்ளைக் கோடு விழும். திரையில் 100 சதவீத அளவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அசலிலேயே நெளிவு இருந்தால், கேமராவைச் சற்றுத் தள்ளி வைத்து மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை. நானும் ஓர் 'இழப்பில்லாச் சுருக்கி'யைக் காசு கொடுத்து வாங்கியவன். இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளில் சும்மா கிடைக்கும் 'லான்சோஸ்' என்ற சுருக்கும் முறைக்குப் புதுப் பெயர் சூட்டி விற்றிருந்தார்கள்.

கே: பேரனின் காதுகுத்துப் படங்களைச் சுருக்கி, அசலின் மேலேயே சேமித்துவிட்டேன். மீட்க எந்த மென்பொருள் வாங்கலாம்? – வாசகர், தஞ்சாவூர்

ப: எதுவும் வாங்காதீர்கள், மெமரி கார்டைத் தேடுங்கள். ஏஐ மென்பொருள்கள் இல்லாத விவரத்தை ஊகித்து வரையும், அது உங்கள் பேரனின் முகமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 'சேவ் ஆஸ்' என்ற வசதியை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தீர்கள்?

கே: 'முழு அளவுப் படங்கள்' என்று ரசீதில் எழுதிய ஸ்டூடியோ, கல்யாணப் படங்களை 1200க்கு 800 பிக்சலில் தந்திருக்கிறது. கேட்டால், '300 டிபிஐ இருக்கிறது, எவ்வளவு பெரிதாகவும் அச்சிடலாம்' என்கிறார்கள். – வாசகி, திண்டுக்கல்

ப: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. இந்த டிபிஐ என்ற மூன்றெழுத்தைக் காட்டி விவரம் அறியாதவர்களை வாயடைக்கச் செய்வது எனக்கு நெடுநாள் எரிச்சல். அது, ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளை வைத்து அச்சிடலாம் என்று கோப்பில் குறித்துவைக்கும் எண், அவ்வளவே. போட்டோஷாப்பில் 'இமேஜ் சைஸ்' திறந்து, 'ரீசாம்பிள்' என்ற கட்டத்தில் உள்ள டிக்கை நீக்கிவிட்டு டிபிஐ எண்ணை 72இலிருந்து 300 ஆக்கிப் பாருங்கள். ஒரு பிக்சல்கூட அதிகமாகாது. 1200ஐ 300ஆல் வகுத்தால் 4 அங்குலம்; உங்கள் படம் அந்த அகலத்துக்குத்தான் தாங்கும். 18க்கு 12 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு அதே கணக்கில் 5400க்கு 3600 பிக்சல் தேவை. அசல் கோப்புகளை எழுத்து மூலம் கேளுங்கள், அவர்கள் கணினியிலிருந்து அழிப்பதற்கு முன்பே கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கே: வங்கித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்துக்கு 50 கேபிக்குள் படம் கேட்டார்கள். பிரவுசிங் சென்டரில் சுருக்கித் தந்த படத்தில் முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. – வாசகர், விருதுநகர்

ப: பிக்சல் அளவைக் குறைக்காமல் ஜேபெக் (JPEG) கோப்பாகச் சேமிக்கும்போது கேட்கும் தர எண்ணை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்கியிருப்பார்கள். அசலிலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, அறிவிப்பில் சொல்லும் 200க்கு 230 பிக்சலுக்குச் சுருக்குங்கள். தரத்தை 90க்கு மேல் வைத்தாலும் 50 கேபிக்குள் அடங்கும்.