அவர் ஏன் மகனின் பெயரைச் சொல்வதில்லை?

கேள்வி: எங்கள் ஒன்பது வயது மகன் இரத்தப் புற்றுநோயால் இறந்து எட்டு மாதங்களாகின்றன. மகரகம வைத்தியசாலையில் நான்தான் அவனோடு இருந்தேன். கணவர் கடையையும் மகளையும் பார்த்துக்கொண்டு இடையிடையே வந்து போனார். எட்டுச்செலவு முடிந்த மறுநாளே கடையைத் திறந்துவிட்டார். மகனின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. அவருக்குத் துக்கமே இல்லையா? முதல் காய்ச்சலிலேயே நான் கவனித்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பானா? ஆறு வயது மகள், "எனக்கும் அந்த வருத்தம் வருமா?" என்று கேட்கிறாள்.
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: சகோதரி, காய்ச்சலைப் பற்றிய கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் நீங்கள் கொடுத்த சாப்பாட்டால் வந்ததல்ல, கவனிக்காமல் விட்டதால் வந்ததுமல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஏன் வந்தது என்று வைத்தியர்களாலேயே சொல்ல முடிவதில்லை. தொடக்கத்தில் வரும் காய்ச்சலும் சோர்வும் மற்றக் காய்ச்சலைப் போலவே இருக்கும். எந்தத் தாயும் பனடோல் கொடுத்துத்தான் பார்த்திருப்பாள்.

துக்கப்படுகிறவர்கள் இழப்புக்கும் அன்றாட வேலைகளுக்கும் இடையில் மாறி மாறிப் போய்வருகிறார்கள் என்று ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினார்கள். உங்கள் கணவர் கடைக்குள் ஒதுங்கியிருக்கிறார். "நீ அழுதால் உன் மனைவியை யார் பார்ப்பது?" என்று செத்தவீட்டிலேயே ஆண்களின் வாயை அடைத்துவிடும் ஊர் இது. எனக்கு அதில் கோபம் உண்டு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மகனின் கடைசி மாதங்களை அருகிலிருந்து பார்த்தவர் நீங்கள். அவருக்கு அது கிடைக்கவில்லை. சுடலைவரை பிள்ளையோடு போனவர் அவர்; பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிடுகிறோம். ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லை. ஆகவே "உங்களுக்குத் துக்கமில்லையா?" என்று கேட்காதீர்கள். வைத்தியசாலையில் மகன் என்ன பேசினான், அப்பாவை எப்படித் தேடினான் என்று சொல்லுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டாலும் இன்னொரு நாள் திரும்பவும் சொல்லுங்கள்.

மகளிடம் "அண்ணா தூங்குகிறான்" என்று சொல்லவேண்டாம். பிறகு அவள் தூங்கவே பயப்படலாம். அண்ணா இறந்துவிட்டான், திரும்பி வரமாட்டான் என்று சொல்லுங்கள். இது தொற்றும் வருத்தமல்ல, பிள்ளைகளுக்கு மிக அரிதாகவே வருவது, அவள் அண்ணாவோடு சண்டைபிடித்ததால் வந்ததுமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் கேட்காவிட்டாலும் அந்தக் கடைசிப் பயம் சின்னப் பிள்ளைகளின் மனதில் இருக்கக்கூடும்.

சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் நாட்கள் போனாலோ, பிள்ளையோடு போய்விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ காத்திருக்காதீர்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்; அல்லது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.