ட்ரைசூட் ஜிப்: வாசகர் கேள்விகள்

ட்ரைசூட் என்பது குளிர்ந்த தண்ணீரில் டைவ் செய்பவர்கள் உள்ளாடை நனையாதபடி மேலே மாட்டிக்கொள்ளும் நீர் புகாத உடை.

*பித்தளை ஜிப் நல்லதா, பிளாஸ்டிக் ஜிப் நல்லதா?*

எங்கே, எப்படி டைவ் செய்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பாறையும் படகும் தினமும் உரசுகிற வேலை என்றால் பித்தளை. பெட்டியில் மடித்து விமானம் ஏறுகிறவர் என்றால் டைசிப் கம்பெனியுடையது மாதிரி பிளாஸ்டிக்: எடை குறைவு, பச்சை பூக்காது, பராமரிப்பும் கொஞ்சம்தான்.

*40 மீட்டர் ஆழத்துக்கு எந்த ஜிப் தாங்கும்?*

எல்லாமே தாங்கும். இறங்க இறங்க சூட்டுக்குள் காற்று விடுகிறீர்கள் அல்லவா? உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஜிப் சாவது கரையில், சூட் மாட்டும்போது. இரண்டு பக்கத்தையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேராக இழுங்கள். சிக்கினால் பலம் காட்டாதீர்கள்.

*எங்கள் ஊர்த் தையல்காரர் பாதி விலையில் ‘வாட்டர்ப்ரூஃப்’ ஜிப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். போடலாமா?*

கூடாது. இதை இன்னும் எத்தனை முறை எழுதுவது? அவர் காட்டுவது மழைக்கோட்டு ஜிப். சாதாரண நைலான் சுருள் ஜிப்பைத் திருப்பிப் போட்டு, முதுகில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியிருப்பார்கள். ஜிப் கம்பெனியான ஒய்கேகேயின் அக்வாகார்ட் இந்த ரகம். தூறலைத் தடுக்கும், அவ்வளவுதான். நீர் புகாது என்று செய்த கம்பெனியே சொல்வதில்லை. அதே கம்பெனியின் அக்வாசீல்தான் நிஜமான ட்ரைசூட் ஜிப். பெயர் ஒரே மாதிரி இருப்பது விற்பவருக்கு வசதியாகப் போய்விட்டது.

சந்தேகமா, படலத்தின் இரண்டு விளிம்பும் சேரும் கோட்டில் நகத்தை வைத்து விலக்குங்கள். உள்ளே சுருள் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் முனையைப் பாருங்கள். நல்ல ஜிப்பில் ஸ்லைடர் போய் உட்கார, வார்த்து மூடிய கிண்ணம் மாதிரி ஓர் இடம் இருக்கும். மழைக்கோட்டு ஜிப்பில் ஸ்லைடர் சும்மா நின்றுவிடும், அந்த ஓட்டை வழியே தண்ணீர் வரும். தையல் மிஷினில் ஓட்டித் தருகிறேன் என்கிறாரே, ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு கசிவு.

ஐஸ்லாந்தில் டைவ் செய்யப் போகும் சில்ஃப்ரா பிளவில் தண்ணீர் 2, 3 டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். உள்ளாடை நனைந்தபின் மிச்சம் பிடித்த பாதி விலையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

*ஜிப்புக்கு மெழுகு எங்கே தடவுவது?*

பித்தளை என்றால், மூடிவிட்டு வெளிப்பற்கள் மேல் முழு நீளத்துக்கும் பாரஃபின் அல்லது தேன்மெழுகு. உள்ளே அடைக்கும் ரப்பர் உதடுகளில் வேண்டாம். பிளாஸ்டிக்குக்கு மெழுகே கூடாது. அதோடு வரும் கிரீஸை முனையில் மட்டும் ஒரு பொட்டு. சிலிகான் ஸ்ப்ரேயை இரண்டிலும் அடிக்காதீர்கள், நாளைக்கு ஜிப் மாற்றும்போது பசை பிடிக்காது.

*புது ஜிப்தான், ஆனாலும் முனையில் ஈரம் வருகிறது.*

ஸ்லைடரைக் கடைசி அரை அங்குலம் இழுக்கவில்லை. தண்ணீரில் இறங்கும் முன் கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

*ஒரு பல் மட்டும் போய்விட்டது. ஒட்டலாமா?*

முடியாது. முழு ஜிப்பையும் மாற்றுங்கள்.

*ராமேஸ்வரத்தில் டைவ் செய்ய ட்ரைசூட் வாங்கலாமா?*

28 டிகிரி தண்ணீருக்கா? வெந்துபோவீர்கள். தண்ணீர் உள்ளே புகும் மெல்லிய வெட்சூட்டே அதிகம்.

*பழைய பித்தளை ஜிப்பைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் போடலாமா? நீளம் 75 அல்லது 80 செ.மீ. இருக்கும்.*

போடலாம். ஆனால் பித்தளை ஜிப்பின் நாடா நியோப்ரீன் ரப்பர் பூசியது, பிளாஸ்டிக்கினுடையது பாலியூரித்தேன். ஒன்றின் பசை மற்றதில் நிற்காது. இரண்டும் செய்து பழகியவரிடம் கொடுங்கள். அதற்கு முன், ‘அல்லது’ எல்லாம் வேண்டாம். டேப் எடுத்து, பல் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை, நாடாவைச் சேர்க்காமல் அளந்து எழுதுங்கள். ஜிப் வந்தபிறகு, இழுக்கும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடியுங்கள்.