36,000 ரூபாய் உதைக்கிறது

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சம்பா நெல் வாங்கி முடித்துக் கூட்டிப் பார்த்தால் ரசீதுகளின்படி 2,48,22,350 ரூபாய், பேரேட்டில் 2,47,86,350. மூன்று இரவாக வரி வரியாகச் சரிபார்த்துக் கண் பூத்துவிட்டது. குறுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. பேரேட்டை மூடி வைத்துவிட்டு, உதைக்கிற தொகையைப் பாருங்கள். 36,000 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது, ஈவு 4,000. தற்செயலாகவும் ஒன்பதில் ஒரு முறை அப்படி வரும் என்றாலும், என் சந்தேகம் இலக்கம் இடம் மாறியதன் மேல்தான்.

73 என்பதை 37 என்று எழுதினால் வித்தியாசம் 36. அதாவது 9 × (7 − 3). அடுத்தடுத்த எந்த இரண்டு இலக்கங்களை மாற்றினாலும் இப்படித்தான், அவற்றின் வேறுபாட்டின் ஒன்பது மடங்கு. உங்கள் ஈவில் உள்ள 4 அந்த வேறுபாடு. பின்னால் நிற்கும் மூன்று பூஜ்யங்கள் இடத்தைச் சொல்கின்றன. எனவே பத்தாயிரம், ஆயிரம் ஆகிய இரண்டு இடங்களை மட்டும் பார்த்தால் போதும். குறைவது பேரேடு என்பதால், அங்கே 04, 15, 26, 37, 48, 59 என்று வரும் தொகைகளை மட்டும் ரசீதோடு ஒப்பிடுங்கள். 73,250 என்பது 37,250 ஆகியிருக்கலாம். 3,40,000 என்பது 3,04,000 ஆகியிருக்கலாம். அதற்கும் முன்னால் 4,000 என்ற பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 40,000-இல் ஒரு பூஜ்யம் விழுந்துபோனாலும் இதே 36,000தான் உதைக்கும்.

இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்க்கும் பழைய முறையை யாராவது சொன்னால் இங்கே நம்ப வேண்டாம். கூட்டினால் பேரேட்டுத் தொகைக்கு 35, ரசீதுத் தொகைக்கு 26. அவற்றையும் கூட்டினால் இரண்டுக்கும் 8தான் வருகிறது. பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி 1. ஆகவே ஓர் இலக்கம் எந்த இடத்தில் நின்றாலும் அது தரும் மீதி மாறாது. இடமாற்றம் ஒன்பதின் கண்ணில் படாது. பதினொன்றின் கண்ணில் படும். அதற்கு, வலமிருந்து இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் பேரேட்டுத் தொகைக்கு −5, ரசீதுத் தொகைக்கு −8; இரண்டும் ஒத்துவரவில்லை. (2007-க்கு முந்தைய புத்தகங்களின் பத்து இலக்க ISBN எண்ணில் கடைசி இலக்கத்தைப் பதினொன்றை வைத்துக் கணக்கிட்டதும் இதனால்தான்.)

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனும் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் கணக்கு எழுதியவர்தான், மாதம் 30 ரூபாய்க்கு. அவருடைய பேரேடு உதைத்ததா என்று கேட்க எனக்கு ஆசை.

இவ்வளவு பார்த்தும் சிக்காவிட்டால் 36,000-ஐப் பாதியாக்குங்கள். 18,000 ரூபாய்ப் பதிவு ஒன்று பற்றுக்குப் பதிலாக வரவில் ஏறியிருக்கும்.