லிட்ஸ்ட்ரோம் 1992, 1994 ஒலிம்பிக்கில் ஏன் இல்லை?

காயமும் இல்லை, அணியிலிருந்து நீக்கமும் இல்லை. ஸ்வீடனின் ஐஸ் ஹாக்கி வீரர் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1991 இலையுதிர் காலத்தில், வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல்.லில் ஆடும் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியில் சேர்ந்துவிட்டார். அப்போதெல்லாம் என்.ஹெச்.எல். ஒலிம்பிக்குக்காகத் தன் பருவத்தை நிறுத்தாது. முதன்முதலாக நிறுத்தியது 1998 நகானோ ஒலிம்பிக்குக்குத்தான். அவருடைய ஒலிம்பிக் கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது: 1998, 2002, 2006, 2010.

"1991லேயே உலக சாம்பியன் ஆனவரை ஸ்வீடன் எப்படி விட்டது?" என்று கேட்டிருந்தீர்கள். குழப்பம் அங்கேதான் என்று நினைக்கிறேன். உலக சாம்பியன்ஷிப் வசந்த காலத்தில் நடப்பது. என்.ஹெச்.எல். பிளேஆஃபில் (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளில்) தோற்ற அணிகளின் ஆட்கள் போய் ஆடலாம். குளிர்கால ஒலிம்பிக் வருவதோ பிப்ரவரியில், லீக் மும்முரமாக ஓடும்போது.

சரிபார்க்க வேண்டுமானால் 1994இல் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியைப் பாருங்கள். கனடாவுக்கு எதிரான ஷூட்அவுட்டில் (சமநிலையை முறிக்க ஒருவர் பின் ஒருவராகக் கோல் முயலும் சுற்றில்) கோல் போட்ட பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் (அதைத் தபால்தலையாகவே அச்சிட்டார்கள்!) அப்போது இன்னும் ஸ்வீடன் கிளப்பில்தான் ஆடிக்கொண்டிருந்தார். அதனால்தான் அவரால் போக முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் எழுதும் கட்டுரையில் "தொழில்முறை வீரர்களுக்குத் தடை" என்று எழுதிவிடாதீர்கள். 1988லிருந்தே அந்தத் தடை இல்லை. இடித்தது கால அட்டவணைதான்.

இடம் இருந்தால் 2006 டுரின் ஒலிம்பிக் இறுதிப்போட்டிக்கு ஒரு பத்தி கொடுங்கள். ஃபின்லாந்துடன் 2-2. மூன்றாம் பகுதி தொடங்கிப் பத்தே விநாடியில் லிட்ஸ்ட்ரோம் அடித்த அடி, 3-2, தங்கம். தடுப்பாட்டக்காரர் அடித்த கோல் அது!